பதினேழாம் கடாவின் வலக்கழுத்து

சிவஞானம் வீட்டு அழைப்புமணியை அடிக்கிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன், இன்னொருத்தி மாடிவீட்டு ஹம்சா. மூன்றாவதாக யாராவது அடித்தால் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். அதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். ஆயுள் முழுக்க மத்திய அரசில் குற்றப் புலனாய்வு பார்த்து ஓய்வுபெற்ற திருநெல்வேலிக்காரர். முகத்தை அப்படிப் பழக்கிவிட்டார். மனைவி இறந்துபோனாள். மகன் கனடாவில். டெல்லி முனிர்க்காவில் அந்த ஃபிளாட்டும், பேச ஆளில்லாத நீளமான பகல்களும்தான் அவருக்கு மிச்சம்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் மணி அடித்தபோது ஹம்சா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கணவருக்குக் குவாஹாத்தியில் வேலை, மகள் புனேயில் ஹாஸ்டலில். லீவு நாளைத் தள்ளுவது அவளுக்குப் பெரும்பாடு. தோசைமாவு கொடுக்கிற சாக்கில் வந்து, 'ஏதாவது கேஸ் உண்டா அங்கிள்?' என்று விசாரித்துவிட்டுப் போவாள். தெரிந்தவர்களுக்காக அவர் தீர்த்துவைத்த சில விவகாரங்களில் அவள்தான் கார் ஓட்டினாள். கார் ஓட்டுவதையே துப்பறிவதில் பாதி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரும் திருத்தவில்லை.

வந்தவள் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். சாயம் மங்கிய பருத்திச் சேலை, காலில் சேறு காய்ந்த கேன்வாஸ் ஷூ. பெயர் உஷாராணி, கால்நடை டாக்டர், சொந்த ஊர் நாமக்கல் பக்கம். நஜஃப்கருக்கு அப்பால் ஓர் அறக்கட்டளை நடத்தும் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். மலைமந்திர் முருகன் கோவிலில் பழக்கமான யாரோ சிவஞானத்தின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டாளே தவிர குடிக்கவில்லை.

"எருமைக் கடாக்கன்னுக்கு ஹார்மோனுக்கு எதிரா தடுப்பூசி போடுறதுதானுங்க என் ஆராய்ச்சி," என்றாள்.

"கிருமிக்குத்தானே தடுப்பூசி?" என்றாள் ஹம்சா.

"இதுல கிருமியே கிடையாதுங்க. மூளையில ஒரு ஹார்மோன் சுரக்குது. ஆண்தன்மைக்கு முதல் உத்தரவு போடுறது அதுதான். அதை எதிரின்னு உடம்புக்குக் கத்துக்குடுக்கிறோம். அப்புறம் உடம்பே அதைத் தேடிப்பிடிச்சு முடக்கிப்போடும். காயடிக்கிற இடுக்கியும் வேண்டாம், வலியும் வேண்டாம். கடா சாதுவாயிரும், முட்டி மோதாம தின்னுட்டு நிக்கும். கறி மெதுவா இருக்கும், கொழுப்பு சீராப் படியும். முரண்டு பிடிச்ச கடாவோட கறி கருத்துப்போய் நாராட்டம் இருக்குமுங்க."

ஹம்சா தோசைமாவுப் பாத்திரத்தை மேஜையின் மறுகோடிக்கு நகர்த்திவைத்தாள்.

உஷாராணி அதைக் கவனித்தாள், ஆனால் பழகிப்போனவள் போலத் தொடர்ந்தாள். பால் கறக்காது என்பதால் பால்பண்ணைக்காரர்கள் கடாக்கன்றுகளைப் பட்டினிபோட்டே சாகடிக்கிறார்களாம். நல்ல கறிக்கு ஒரு விலை வந்துவிட்டால், அதுவரைக்குமாவது அவை வயிறார உயிரோடிருக்கும் என்பது அவள் கட்சி. இதைக் காதுகொடுத்துக் கேட்க அவளுக்கு யாருமில்லை. ஊரில் அண்ணன் வீட்டில் அவள் வேலையை வெளியே சொல்லக் கூசினார்கள். கோவிலில் யாராவது விசாரித்தால் அவளே 'ஹார்மோன் ஆராய்ச்சி' என்று பாதியோடு நிறுத்திக்கொள்வாள்.

விவகாரம் இதுதான். இருபத்துநாலு கடாக்கன்றுகளில் பாதிக்கு ஊசி போட்டாள், பாதிக்குப் போடவில்லை. இரண்டு தவணை ஊசி. முதல் தவணை வெறும் அறிமுகம், அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு மாதம் விட்டுப் போடும் இரண்டாம் தவணைதான் வேலையைச் செய்யும். முதலாவதைச் சித்திரையில் போட்டார்கள், இரண்டாவதை வைகாசியில். வரும் வாரம் எல்லாம் அறுவைக்கூடம் போய்க் கறியைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குமுன் ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார்கள். அறிக்கை நேராக டைரக்டர் கைக்குப் போயிற்று. ஊசி போட்டவற்றில் பதினொன்று சாது. பதினேழாம் எண் மட்டும் முழுக் கடா. அதன் ரத்தத்தில் ஊசி போட்ட தடயமே இல்லை.

"ஒண்ணு ரெண்டுக்கு ஊசி சரியாப் பிடிக்காமப் போறதுண்டுங்க. ஆனா கொஞ்சமாச்சும் தெரியும். இதுல அறவே இல்லை. டைரக்டர் ரெண்டே கேள்வி கேட்டார். கடாவை மாத்திட்டியா, இல்லை உன் ஊசிக் கதையே பொய்யான்னு. திங்கக்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க. பதில் சொல்லாட்டி ஆராய்ச்சியை ரத்து பண்ணிப்போடுவாங்க, இனி எங்கேயும் என் பேர் எடுபடாது." காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏழு வருஷமுங்க. எனக்குன்னு வேற எதையும் நான் சேர்த்துக்கலை."

சிவஞானம் செருப்பைத் தேடி எழுந்தார். ஹம்சா அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றாள்.

பண்ணை வயல்வெளி நடுவே இருந்தது. பக்கத்தில் வீடு வாசல் என்று ஒன்றும் இல்லை. இங்கே ஒரு பெண் தனியாக ஏழு வருஷம் எப்படி இருந்தாள் என்று ஹம்சா முணுமுணுத்தாள். வண்டியை நிறுத்தியதுமே ஒரு கடாவின் குரல் கேட்டது. விட்டுவிட்டு, யாரையோ கூப்பிடுவதுபோல.

"பதினேழுதான் சார் அது," என்றார் கொட்டகைப் பொறுப்பாளர் ராமச்சந்திரன். வேலூர்ப் பக்கத்து மனிதர். ராணுவத்தில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பராமரிக்கும் பிரிவில் சுபேதாராக இருந்தவர். "மத்ததுங்களை முட்டுது, அதனால தனியா அடைச்சிருக்கேன். அதுக்குத் தனியா இருக்கப் பிடிக்கலை. எருமைக்கு எப்பவும் கூட்டம் வேணும்."

கம்பித் தடுப்புக்குள் பதினேழு நின்றது. கழுத்து தடித்து, கண் சிவந்து, பார்த்தவுடனே ஓரடி பின்வாங்கவைக்கும் உருப்படி. மற்ற கன்றுகளின் காதில் மஞ்சள் எண் வில்லை அழுக்கேறி மங்கியிருக்க, இதன் வில்லை மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது. ஹம்சா சிவஞானத்தின் முழங்கையை இடித்தாள். ஏன் புதிது என்று அவர் கேட்க, ஆடி மாதம் கம்பியில் மாட்டிக் காதைக் கிழித்துக்கொண்டது, மேடத்திடம் சொல்லிவிட்டு வேறு வில்லை போட்டேன் என்றார் ராமச்சந்திரன். பதினேழை மட்டும் அறுவைக்கு அனுப்பவேண்டாம் என்று டைரக்டரிடம் தான் மன்றாடியதையும் அவரே சொல்லிவிட்டார். ஹம்சாவின் முழங்கை மறுபடி வேலை செய்தது.

ஊசி போட்ட சாதுக் கன்றுகளிடம் சிவஞானம் வெகுநேரம் நின்றார். அவை அவர் சட்டையை நக்கின. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவிக்கொண்டே போனவர், ஹம்சாவின் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். தோலுக்கடியில் இடப்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு, வலப்பக்கமும் அதேபோல் ஒன்று.

"எண்ணெய்ல கலந்த மருந்துங்க, போட்ட இடத்துல மாசக்கணக்கா முடிச்சு நிக்கும்," என்றாள் உஷாராணி. "முதல் தவணை இடது கழுத்து, ரெண்டாவது வலது கழுத்து. எங்க பண்ணையில எப்பவும் அப்படித்தான்."

பிறகு பதினேழை இரும்புச் சட்டத்துக்குள் ஓட்டிவந்து, ராமச்சந்திரன் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சிவஞானம் அதன் கிழிந்த காதைப் பார்த்தார். கிழிசல் ஆறித் தழும்பாகியிருந்தது. இடது கழுத்தில் கைவைத்தவர், உஷாராணியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முடிச்சு இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் இது எங்கள் கடாதான், நான் மாற்றவில்லை என்பதற்கு இதுவே போதும் என்றாள். சிவஞானம் தலையசைத்தார். பிறகு சட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வலது கழுத்தையும் நிதானமாகத் தடவிப் பார்த்து, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஊசி போட்ட நாள்களைப் பற்றி ராமச்சந்திரனிடம் கதைபோலக் கேட்டுக்கொண்டார். தலையைப் பிடிப்பது ராமச்சந்திரன். இடப்பக்கமாக நின்றுதான் பிடிப்பார், வலப்பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஊசி போடுவது லேபிலிருந்து வரும் கிருஷ்ணபிரசாத். போட்டதும் முதுகில் நீலச் சாயம் தடவிவிடுவான். உஷாராணி பக்கத்திலிருந்து பார்ப்பாள். கொட்டகை ஆட்களுக்கு இந்த மருந்தின் பெயர் டண்டி சூயி, அதாவது குளிர்ந்த ஊசி. கடாவைக் குளிரவைத்துவிடுகிறதாம்.

"முதல் தவணை அன்னிக்கு ஒரே சிரிப்பு சார். கிருஷ்ணாவுக்குக் கல்யாணம் வெச்சிருந்தாங்க. பார்த்துப் போடு தம்பி, டண்டி சூயி உன்மேல பட்டுச்சுன்னா அப்புறம் மாப்பிள்ளை வேஷம்தான் கட்டலாம்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான்." ராமச்சந்திரன் இப்போதும் சிரித்தார். "ரெண்டாவது தவணைக்கு வைகாசி வெயில்ல தோல் கையுறை போட்டுக்கிட்டு வந்து நின்னான். வெல்டிங் பண்றவங்க போடுவாங்களே, அது. என்ன தம்பி, குல்லாவும் போட்டுக்கலாமேன்னேன்."

அன்று பதினேழு கடைசி. சட்டத்துக்குள் வராமல் வெகுநேரம் முரண்டு பிடித்தது. வைகாசி விசாகம் என்பதால் உஷாராணி மலைமந்திருக்குப் போகவேண்டியிருந்தது. வருஷத்தில் அவள் மனிதர்கள் நடுவே போய் நிற்கும் நாள் அது ஒன்றுதான். நீங்க போங்க மேம், நான் முடிச்சிடறேன் என்று கிருஷ்ணபிரசாத் சொன்னானாம். மறுநாள் வந்து பார்த்தபோது பதினேழின் முதுகில் நீலச் சாயம் இருந்தது.

மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி அறையின் சுவரில் இந்தியில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. ஹம்சா உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள். இந்த மருந்தைத் தவறுதலாகத் தன் உடம்பில் குத்திக்கொண்டவர் உடனே டாக்டரிடம் போகவேண்டும். அதற்குப்பிறகு இந்த மருந்தைத் திரும்பக் கையாளவே கூடாது.

"மனுஷனுக்கும் அதே ஹார்மோன்தானுங்க," என்றாள் உஷாராணி. "ரெண்டாவது தடவை குத்திக்கிட்டாத்தான் உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும். அதனாலதான் இந்த விதி."

"இங்கே யாருக்காவது அப்படி ஆயிருக்கா?" என்று சிவஞானம் கேட்டார். யாரும் வந்து சொன்னதில்லை என்றாள் அவள்.

கிருஷ்ணபிரசாத் மாடியில் லேபில் தனியாக உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். மெலிந்த, மரியாதையான பையன். டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் திக்கித் திணறித்தான் வரும். பெற்றோர் ஓய்வுக்குப் பிறகு கும்பகோணம் போய்விட்டார்கள். எல்லாருக்கும் ஸ்டூல் இழுத்துப்போட்டான். பன்னிரண்டுக்கும் ரெண்டு டோஸும் குடுத்தாச்சு சார் என்றான். அதைச் சொல்லும்போது வலதுகை விரல்களால் இடதுகைக் கட்டைவிரலின் அடிச்சதையை அழுத்திக்கொண்டேயிருந்தான். அதில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது.

அவன் டீ டம்ளரை ஒரு கல்யாணப் பத்திரிகை மூடியிருந்தது. மேஜை இழுப்பறையில் ஒரு கட்டே கிடந்தது. ஹம்சா எடுத்துப் பார்த்தாள். கிருஷ்ணபிரசாத், ஜ்யோத்ஸ்னா, வைகாசியில் முகூர்த்தம். ஆத்துக்காரி சௌக்கியமா என்று கேட்டும்விட்டாள்.

"ஷாதி நடக்கல ஆன்ட்டி," என்றான் அவன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

படியிறங்கும்போது உஷாராணி மெல்லச் சொன்னாள். பத்திரிகை அடித்தபிறகு, சித்திரைக் கடைசியில் அவனே வேண்டாம் என்று நிறுத்திவிட்டானாம். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. அதிலிருந்து சாப்பாடுகூட யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

பிற்பகல் கொட்டகை நிழலில் நாலு பேரையும் சிவஞானம் உட்காரவைத்தார். பதினேழு கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தது. முதலில் ஹம்சா தன் முடிவைச் சொன்னாள். அவளால் அடக்கமுடியவில்லை. ராமச்சந்திரனுக்குப் பதினேழின்மேல் பிரியம், அறுவைக்குப் போகாமலிருக்க அசல் பதினேழை வெளியே கடத்திவிட்டு வேறு கடாவைக் கொண்டுவந்து புது வில்லை குத்திவிட்டார் என்றாள். ராமச்சந்திரன் எழுந்து நின்றுவிட்டார்.

"இருங்க சுபேதார்," என்றார் சிவஞானம். "ஹம்சா, நீங்க சொல்லுதது நல்ல கதைதான். ஆனா வெளியிலேர்ந்து வந்த கடாவுக்கு இடது கழுத்துல மருந்து முடிச்சு எங்கேயிருந்து வரும்? அந்தக் காதுக் கிழிசலும் நேத்து இன்னைக்கு ஏற்பட்டதில்லை, ஆறித் தழும்பாயிருக்கு. கடா மாறலை. சரி, ரத்தக் குப்பி மாறியிருக்குமோன்னு பாத்தேன். குப்பி மாறலாம், கடாவோட குணம் மாறுமா? அதுதான் எல்லாரையும் முட்டிக்கிட்டு நிக்குதே. ஆக, கடாவும் அதுதான், ரத்தமும் அதோடதுதான்."

"அப்போ ஊசிதான் பொய்யா?" என்றாள் உஷாராணி.

"இல்லம்மா. நீங்க இடது கழுத்தைத் தொட்டதும் சந்தோஷத்துல நின்னுட்டீங்க. நான் வலது கழுத்தையும் தொட்டேன். அங்கே ஒண்ணும் இல்லை, வழுவழுன்னு இருக்கு. மத்த பதினொண்ணுக்கும் ரெண்டு முடிச்சு, இதுக்கு ஒண்ணுதான். ரெண்டாவது தவணை இதோட உடம்புக்குள்ள போகவே இல்லை. முதல் தவணையால ஒண்ணும் நடக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நடக்கலை. ஊசி பொய்யில்லைங்கதுக்கு இந்தக் கடாவே சாட்சியா நிக்குது."

உஷாராணி எழுந்துபோய்க் கம்பிக்குள் கைவிட்டாள். பதினேழு தலையைச் சிலுப்பியது. ராமச்சந்திரன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் வலது கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். முடிச்சு இல்லை என்று தலையசைத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"யார் போடாம விட்டா?" என்றாள் ஹம்சா ஆவலாக.

"ஊசி போகலைங்கதோட என் வேலை முடிஞ்சுது," என்றார் சிவஞானம். "ஏன் போகலைன்னும் எனக்குத் தெரியும். அது என் வாயால வரவேண்டிய பேச்சு இல்லை."

கிருஷ்ணபிரசாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உஷாராணிதான் ஆரம்பித்தாள். ஆராய்ச்சி தன்னுடையது, முடியுமுன் கிளம்பிப்போனது தான்தான், திங்கட்கிழமை அதையே சொல்லித் தவறைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். வேறு யாரையும் கைகாட்டி அவளுக்குப் பழக்கமில்லை. அப்படி ஒப்புக்கொண்டால் வேலை போகுமே என்றார் ராமச்சந்திரன். போனால் போகட்டும் என்றாள்.

"நஹீ மேம்," என்றான் கிருஷ்ணபிரசாத். இடதுகையை விரித்து எல்லாரும் பார்க்கும்படி முழங்கால்மேல் வைத்தான். "சூயி போடவேண்டியது நான். போடல."

அவன் தமிழ் உடைந்து உடைந்து வந்தது. முதல் தவணையன்று பதினேழு தலையை ஒரு வெட்டு வெட்டியபோது, அதன் கழுத்திலிருந்து உருவிய ஊசி அவன் கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. மிச்சமிருந்த மருந்து கொஞ்சம் உள்ளே போயிற்று. சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம்தான் சுபேதார் சாப் மாப்பிள்ளை வேஷத்தைப் பற்றி ஜோக் அடித்தார்.

"எல்லாரும் ஹஸ்... சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கையை மூடிக்கிட்டேன். அதுக்கு அப்புறம் எப்படி சொல்றது? சொன்னா பூரா பண்ணை, பூரா சொந்தக்காரங்க, எல்லாருக்கும் நான் அந்தக் கடா மாதிரிதானே. ஜ்யோத்ஸ்னாவுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேன். அவ ஏன்னு கேட்டா. நான் கட் பண்ணிட்டேன். ஒரு பொண்ணோட லைஃப் கராப்... கெடுத்துடக்கூடாது, அப்படித்தான் நினைச்சேன். செகண்ட் டோஸ் அன்னிக்கு முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. க்ளவ்ஸ் போட்டுக்கிட்டு பதினொண்ணு முடிச்சேன். பதினேழு வந்து நின்னதும் என் கை ஹில்... அசையவே இல்லை. மருந்தை வைக்கோல்ல விட்டுட்டேன். ரங், அந்த நீலச் சாயம் மட்டும் போட்டேன்." உஷாராணியை நிமிர்ந்து பார்த்தான். "உங்க ஏழு வருஷம் போகும்னு தெரியல மேம். சத்தியமா தெரியல."

ராமச்சந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த முரட்டு மனிதருக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

உஷாராணிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தன் வேலையைப் பாதியோடு நிறுத்திச் சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவளுக்கு, வாய்க்குள்ளேயே ஒன்றை வைத்துக்கொண்டு நடமாடுவது என்னவென்று தெரியும்.

"டாக்டர்கிட்டப் போனியா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினான். ஒரே ஒரு குத்து, அதுவும் மிச்சமருந்து, பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்காது, கொஞ்சம் பாதித்திருந்தாலும் நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இருந்தாலும் ரத்தம் பார்த்துவிடுவோம், நானே கூட வருகிறேன் என்றாள். அவன் அவள் சொன்னதை நம்பாதவன்போல இரண்டாம் முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். இந்த நாலு வார்த்தை கிடைக்காமல்தான் ஒரு மனுஷன் மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தான் என்பது ஹம்சாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் துவாரகா தாண்டும்வரை அவள் பேசாமல் வந்தது இதுவே முதல்தடவை. அப்புறம் கேட்டாள்.

"எப்படித் தெரிஞ்சுண்டேள்?"

"வைகாசி வெயில்ல தோல் கையுறை போடுதவன் எதுக்கோ பயப்படுதான். கடாவுக்குப் பயம்னா முதல் தவணைக்கே போட்டிருப்பான். நடுவுல என்னமோ நடந்திருக்கு. அவன் கையில இருக்கது கடா கழுத்துல இருக்க அதே முடிச்சு. சுவத்துல இருந்த எச்சரிக்கையை நீங்கதான் படிச்சீங்க. இத்தனையும் சேந்தபிறகு, சித்திரையில நின்ன கல்யாணத்துக்கு வேற காரணம் தேட வேண்டியதில்லை."

"எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவை எல்லார் முன்னாடியும் சிரிச்சுத்தானம்மா அவன் வாய் அடைச்சுப்போச்சு," என்றார் சிவஞானம். "நான் வேற சொல்லணுமா?"

திங்கட்கிழமை விசாரணையில் கிருஷ்ணபிரசாத் தானே எழுந்து சொன்னான். பதினேழைக் கணக்கிலிருந்து விலக்கி, நடந்ததை நடந்தபடி குறிப்பிட்டு, மற்றவற்றைக் கொண்டு ஆராய்ச்சியை முடிக்கலாம் என்று டைரக்டர் ஒப்புக்கொண்டார். அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மருந்து அறைப் பக்கம் இனிப் போகக்கூடாது. உஷாராணியின் பெயர் தப்பியது. அன்று சாயங்காலம் அவள் சிவஞானத்துக்குப் போன் செய்து, கறிப் பரிசோதனையில் என்னென்ன பார்க்கப்போகிறார்கள் என்று விளக்கிக்கொண்டேயிருந்தாள். அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் நடுவில் நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில், பால்கனியில் நிழல் இறங்கும் நேரத்தில், கிருஷ்ணபிரசாத்திடமிருந்து போன் வந்தது.

"அங்கிள், ரிப்போர்ட் வந்துடுச்சு. எல்லாம் நார்மல். டாக்டர் சொன்னார், ஒண்ணுமே ஆகலைன்னு. எப்பவுமே ஒண்ணும் ஆகலை."

"நல்லதுப்பா. ரொம்ப நல்லது." சிவஞானம் கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொண்ணுகிட்டப் பேசிப் பாக்கலாமே. நான் வேணா பேசட்டுமா?"

"ஜ்யோத்ஸ்னாவுக்கு ஆவணியில ஷாதி ஆயிடுச்சு அங்கிள். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மருந்து அவனை ஒன்றும் செய்யவில்லை. சித்திரையில் ஒரே ஒருவரிடம் வாயைத் திறந்திருந்தால் வைகாசியில் அவன் தாலி கட்டியிருப்பான். இதை எந்த ரிப்போர்ட்டும் இனிச் சரிசெய்யப்போவதில்லை. எத்தனையோ கேஸ்களில் உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர், இது கொஞ்சம் முன்னால் தன் கைக்கு வந்திருக்கக்கூடாதா என்று மனம் நொந்தார்.

போனில் பின்னாலிருந்து ஒரு கடாவின் குரல் கேட்டது. மற்ற எல்லாவற்றையும் காலையில் லாரியில் ஏற்றிப்போய்விட்டார்கள், கொட்டகையில் பதினேழு மட்டும்தான் என்றான் கிருஷ்ணபிரசாத். காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறதாம், தீனி தொடவில்லையாம். ராமச்சந்திரன் லாரியோடு போயிருக்கிறார். அதனால் லேபைப் பூட்டிவிட்டு இவன் கீழே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"பயமா இல்லையாப்பா?"

"இல்லை அங்கிள். இப்ப ஊசி இல்லையே."

சனிக்கிழமை வா, மாடிவீட்டு ஹம்சா தோசைமாவு கொண்டுவருவாள், மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும் என்றார் சிவஞானம். வருகிறேன் என்றான். பதினேழுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும், ஒரு நிமிஷம் என்று சொல்லி போனை அங்கேயே எங்கோ வைத்தான். வாளி நகரும் சத்தமும், பிறகு கடா உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும் சத்தமும் கேட்டன. அது குடித்து முடிக்கிறவரை சிவஞானம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.